காடைவெளிக்கு இரவல் ஆடுகள்

அன்புள்ள ரோவீனாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் காலையில் எழுந்து, நேரத்துக்குச் சாப்பிட்டு, இருட்டினால் படுக்கிறோம், இதை நலம் என்று சொல்லலாமென்றால் நலம்தான். அங்கே நீயும் மாப்பிள்ளை ஆலஸ்டரும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். ஸ்காட்லாந்தில் இப்போது சாயங்காலமே இருட்டிவிடுகிறது என்று எழுதியிருந்தாய், படித்ததும் ஏனோ அது நல்லதுதானே என்று தோன்றியது, அங்கே குளிர் தொடங்கும்போது இங்கே வெயில் தொடங்குகிறது, பொழுது போவேனா என்கிறது. ஈ வர ஆரம்பித்துவிட்டது. தோட்டத்தில் பட்டாணி நன்றாகக் காய்த்தது, பறித்து வேகவைத்தேன், ருசி எப்படி என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் ராத்திரி வேலை முடிந்து வந்ததும் வெறும் டீயைக் குடித்துவிட்டுப் படுத்துவிடாதே, ஒரு முட்டையாவது வேகவைத்துச் சாப்பிடு. குளியலறைச் சுவரில் பாசி பூத்திருக்கிறது என்றாயே, வீட்டுக்காரர் வந்து பார்ப்பார் என்று காத்திருந்தால் அது கூரை வரைக்கும் ஏறிவிடும், ஆலஸ்டரிடம் சொல்லிச் சுரண்டிப் போடச் சொல், அந்த ஈரத்தில் மூச்சு விட்டால் உனக்கு நெஞ்சு கட்டிக்கொள்ளும், சின்ன வயதிலிருந்தே உனக்கு அப்படித்தான்.

உன் கடிதத்தில் ஒரு கேள்வி கேட்டிருந்தாய். காடைவெளியில் புல் இருக்கும்போதே ஏன் ஆடு அத்தனையையும் விற்றீர்கள், பக்கத்துப் பண்ணை ராய்ஸ் விற்கவில்லையே, உங்களுக்கு மட்டும் என்ன அவசரம் என்று. இதை அப்பாவிடம் கேட்காதே. போனில் நீ கேட்டபோதும் பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். பதினாறு வயதில் படிக்கப் போனவள் நீ, பாதி மறந்திருப்பாய், ஆலஸ்டருக்கோ ஒன்றுமே தெரியாது, அவருக்கும் புரிகிற மாதிரி எழுதுகிறேன், படித்துக் காட்டு. காடைவெளி நம் மேய்ச்சலிலேயே மோசமான மண் என்று வெளியார் சொல்வார்கள், சிவப்பாக, ஓட்டுத்துண்டு மாதிரி கெட்டியாக இருக்கும், ஏர் போட்டால் ஒன்றும் விளையாது. ஆனால் அதில் முளைக்கிற நாட்டுப்புல் நாற்பது வருஷம் ஒரே வேரில் நிற்கும். அந்தப் புல்லுக்கு நடுவில்தான் காடை இருக்கிறது, பறக்கச் சோம்பல்பட்டுக் காலாலேயே ஓடிப் பிழைக்கிற பறவை. புல் அடர்ந்துவிட்டால் அதற்கு ஓட இடமில்லை, புல் போய்விட்டால் ஒளிய இடமில்லை, நடுவில் ஒரு பதம் வேண்டும், அந்தப் பதத்தில் வைத்திருப்பது ஆடு. மழைக்குத் தக்கபடி ஆட்டை விடுவதும் எடுப்பதும்தான் அப்பாவும் அவர் அப்பாவும் செய்த வேலை. அப்பா தொப்பியைக் கழற்றிப் புல்லில் எறிந்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி நின்று பார்ப்பார். தொப்பியே தெரியவில்லையென்றால் இன்னும் ஆடு வேண்டும். பாதி தெரிந்தால் சரி, அப்படியே விடலாம். விளிம்போடு முழுத் தொப்பியும் தெரிந்தால் அன்றைக்கே ஆடு வெளியே வந்தாக வேண்டும். நான் கல்யாணமாகி வந்த புதிதில் இந்த மனிதர் கோபம் வந்தால் தொப்பியை வீசுகிறார் என்று நினைத்து, அவர் தலையில் கை வைத்தாலே உள்ளே போய்விடுவேன், ஒரு மாதம் கழித்துத்தான் விஷயம் தெரிந்தது.

மூன்றாவது வருஷமும் மழை இல்லாமல் போனது உனக்குத் தெரியும். மற்ற மேய்ச்சல் எல்லாம் மொட்டையாகி, வறட்சியிலும் காயாத உப்புப்புதர்ச் செடியையும் ஆடு குச்சி வரைக்கும் தின்று, வைக்கோல் வாங்கப் போன இடங்களிலும் இல்லை என்று கையை விரித்த பிறகு, காடைவெளியில் மட்டும் ஒரு விரல் உயரத்துக்குப் புல் தூர் நின்றது. அப்பா போய்த் தொப்பியை எறிந்தார். வந்து, "முழுசா தெரியுது அவிஸ், கதவச் சாத்திட்டேன்" என்றார். ஆடுகள் அந்தக் கதவுக்கு வெளியே நின்று கத்தின, பகலெல்லாம் கத்தின. உள்ளே விட்டிருந்தால் இன்னும் கொஞ்ச நாள் உயிரோடு இருந்திருக்கும், அதற்குள் மழை வந்திருக்கலாம், வராமலும் போயிருக்கலாம். ஆனால் அந்தத் தூரைக் கடித்துவிட்டால் வேர் செத்துவிடும், காற்று மண்ணை அள்ளிக்கொண்டு போய்விடும், பிறகு அங்கே புல்லும் இல்லை, காடையும் இல்லை. ராய்ஸ் வந்து வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "காடைக்காகவாடா ஆட்டை விக்கிற, அதை வறுத்தா ஒரு வாய்க்குக்கூட வராதேடா மெர்வின்" என்றார். அப்பா சிரிக்கவில்லை. "காடை அங்க இருந்தா அந்த நெலம் இன்னும் சாகலன்னு அர்த்தம், எனக்கு அது ஒண்ணுதான் தெரியும், நீ உன் ஆட்டைப் பாரு" என்றார். என்னிடம் மட்டும், "அந்த வெளி நிக்கிற வரைக்கும் நாம இங்க இருப்போம், அதுவும் போச்சுன்னா மிச்சத்த வித்துட்டு டவுனுக்குப் போயிடலாம்" என்றார். சரி என்றேன். நான் எல்லாவற்றுக்கும் சரி என்றேன்.

லாரி வந்த நாளைப் பற்றி நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஆட்டைப் பட்டிக்கு ஓட்டிக்கொண்டு போகவேண்டும், வழியில்தான் காடைவெளிக் கதவு. அந்த இடத்துக்கு வந்ததும் மந்தை தானாகத் திரும்பியது, தாயாடுகள் குட்டியாக இருந்த காலத்திலிருந்து அந்த இடத்தில் திரும்பினால் புல் இருக்கும் என்று பழகியவை. யாரும் ஓட்டவேண்டியதில்லை என்று அப்பாவே பெருமையாகச் சொல்லிக்கொள்வார். அன்றைக்கு அவர் ஓடிப் போய் அந்தக் கதவில் முதுகைக் கொடுத்து இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். ஆடுகளும் நின்றன. அவர் ஏதோ தவறுதலாக நிற்கிறார், நகர்ந்துவிடுவார் என்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றன. நான்தான் பின்னாலிருந்து மடக்கி ஓட்டினேன், பட்டியில் அடைத்தேன், லாரிக்காரருக்கு டீயும் ரொட்டியும் கொடுத்தேன், கடைசி லாரியின் கதவுக்கு நானே கொண்டி போட்டேன். வீட்டுக்கு வந்து உருளைக்கிழங்கு சீவினேன். அப்பா வந்து ஜன்னலோரம் இருக்கிற நாற்காலியில் உட்கார்ந்தார். அதற்கப்புறம் நீ போன் பண்ணும்போதெல்லாம் அவர் வெளியே போயிருக்கிறார் என்று சொன்னேனே, அந்த நாற்காலியில்தான் இருந்தார். ஒரு நாளுக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். சாப்பாடு வைத்தால் சாப்பிடுவார், குளிக்கச் சொன்னால் குளிப்பார்.

இலையுதிர் காலத்தில் மழை வந்தது. தகரக் கூரையில் விழுந்த சத்தத்துக்கு ஊரே வெளியே வந்து நனைந்ததாம், சர்ச்சில் சொன்னார்கள். நான் எழுந்து போய்ப் பின்பக்கத்து ஜன்னலைச் சாத்தினேன், துணி நனையுமே என்றுதான் நினைத்தேன், வேறு ஒன்றும் தோன்றவில்லை. அப்பா நாற்காலியைவிட்டு எழவே இல்லை. ராய்ஸ் தன் மேய்ச்சலை மண் தெரிய வழித்துத் தின்னக் கொடுத்திருந்ததால் அந்தப் பக்கம் முள்ளும் களையும்தான் கிளம்பியது, அதில் வாய் வைத்து ஆட்டுக்கு உதடெல்லாம் புண். நம் காடைவெளி நாலே வாரத்தில் பச்சை. பார்க்கிறவர்கள் எல்லாம் மெர்வின் செய்ததுதான் சரி என்று என்னைப் பிடித்துவைத்துச் சொன்னார்கள், போய் அவரிடமே சொன்னார்கள், அவர் தலையை ஆட்டிவிட்டு டிவியைப் பார்த்தார்.

இன்க்ரிட் என்று ஒரு பெண் வருவாளே, வனத்துறையிலிருந்து காடை கணக்கெடுக்க, நீ கடைசியாக வந்தபோது சேற்றில் அவள் வண்டியை நாம் தள்ளிவிட்டோமே, அவள் வசந்தம் தொடங்கியதும் வந்தாள். தேடித் தேடிப் பார்த்துவிட்டு வந்து அடுக்களையில் உட்கார்ந்தாள். "ஆன்ட்டி, புல்லு மூடிக்கிச்சு, முழங்காலுக்கு நிக்குது, ஒரே ஒரு ஜோடியதான் பாத்தேன், அதுவும் வேலி ஓரத்துல வெறும் தரையா இருக்கிற இடத்துல, இப்படியே விட்டா முட்டையிடாம போயிடும்" என்றாள். ஆடு வேண்டும், ஆனால் ஆடு விடுங்கள் என்று என்னால் உத்தரவு போட முடியாது, எப்படி விற்றீர்கள் என்று எனக்குத் தெரியும், அதைக் கேட்க எனக்கு நாக்கு கூசுகிறது என்றும் சொன்னாள். நல்ல பெண், அவளுக்கும் கண் கலங்கித்தான் இருந்தது. எதைக் காப்பாற்ற ஆட்டை விற்றோமோ அது ஆடு இல்லாததால் போகப் போகிறது. இதைக் கேட்டால் ஒருவர் சிரிக்கவேண்டும் அல்லது அழவேண்டும். நான் அவளுக்கு இன்னொரு டீ வேண்டுமா என்று கேட்டேன். அவள் போன பிறகு அப்பாவிடம் சொன்னேன், "சரி, அப்ப டவுனுக்குப் போயிடலாம்" என்றார், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மறுநாள் ராய்ஸ் வீட்டுக்குப் போனேன். ஆடு இரவல் வேண்டும் என்றேன். அவருக்கு முதலில் புரியவில்லை, கறிக்கா என்றார். காடைவெளியைக் கடித்துக் குறைக்க, கொஞ்ச நாளைக்கு என்றேன். சும்மா இருப்பாரா, "எங்கிட்டயா வந்து நிக்கிற அவிஸ், ஒரு பறவைக்காக வித்தவனுக்கு அதே பறவைக்காக நான் குடுக்கணுமா, நல்லா இருக்கே கதை" என்றார். அதோடு விடவில்லை. இந்தக் காடையில் பெண்தான் பெரிசு, அதற்குத்தான் கழுத்தில் சிவப்புப் பட்டை, அதுதான் ஊர் சுற்றும், அடைகாப்பது ஆண் என்று உனக்குத் தெரியுமே, அதை எடுத்துக்கொண்டு, "உங்க வீட்டுலயும் அதே வழக்கமாயிடுச்சு போல, பொம்பள ஊர் சுத்துது, ஆம்பள கூட்டவிட்டு எந்திரிக்க மாட்டேங்குறான்" என்றார். வேறு சமயமாக இருந்தால் பதிலுக்கு நானும் நாலு கொடுத்திருப்பேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், சட்டென்று தொண்டையைச் செருமிக்கொண்டு, "என் பக்கம் முள்ளத் தின்னு வாய் புண்ணாகிக் கெடக்குதுங்க, நல்ல புல்லு கெடச்சா எனக்கும்தான் லாபம், நாளைக்கே ஓட்டிட்டு வரேன்" என்றார். அப்பாவிடம் நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வேண்டாம் என்றிருப்பார், அதற்கும் நான் சரி என்றிருப்பேன்.

ஆடுகள் வந்தன, கதவைத் திறந்துவிட்டுவிட்டு ராய்ஸ் போய்விட்டார். இனிமேல் தானாக நடக்கும் என்று நினைத்தேன். இத்தனை வருஷம் ஆட்டோடு இருந்துவிட்டு இப்படி நினைத்தது என் புத்தி. நம் ஆடுகளுக்குத் தண்ணீர்த் தொட்டி எங்கே, நிழல் எங்கே, எந்தக் காற்றுக்கு எந்தப் பக்கம் மேயவேண்டும் என்று தாய் வழியாகவே தெரியும், யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இவை வேற்று ஆடுகள். ராய்ஸ் பண்ணையைப் பார்த்த மூலையில் வேலியை ஒட்டி ஒரே கும்பலாக நின்றுகொண்டு நகர மாட்டேன் என்றன. அந்த ஒரு மூலையை மிதித்துப் புழுதியாக்கின, மற்ற இடத்துப் புல்லை மோந்துகூடப் பார்க்கவில்லை, தண்ணீருக்கும் போகவில்லை. வெயில் ஏறியது. நான் வண்டியை எடுத்துக்கொண்டு நாய் பிப்பை இறக்கி விட்டேன். அவ்வளவுதான், மிரண்டுபோய்க் காடைவெளிக்கு நட்டநடுவில் பாய்ந்து ஓடின, முட்டையிடுகிற காலம் என்பதே எனக்கு மறந்துவிட்டது. தொட்டி வரைக்கும் ஓடி, வாய் வைக்காமல், வந்த வழியே திரும்பவும் நடுவில் ஓடி அதே மூலைக்குப் போய் நின்றன. நான் மறுபடி நாயை ஏவ வாயைத் திறந்தபோது பின்னால், "நாயக் கட்டு" என்று குரல் கேட்டது.

அப்பாதான், ஜன்னல் வழியே புழுதியைப் பார்த்திருப்பார், வீட்டுச் செருப்போடு நடந்தே வந்திருந்தார். யார் ஆடு என்று கேட்கவில்லை, காதில் இருந்த அடையாளத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டிருப்பார். "கட்டுடி மொதல்ல, அதுங்களுக்கு எடம் தெரியாது, எடம் தெரியாததுங்கள வெரட்டினா எங்க போகும், ஓட்டாத, முன்னால நட, தண்ணிய மொதல்ல காட்டு, தண்ணி தெரிஞ்சாத்தான் ஆடு மேயும்" என்றார், ஏழெட்டு மாதத்தில் அவர் அவ்வளவு பேசிக் கேட்டது அன்றைக்குத்தான். வண்டியிலிருந்த ஓட்ஸ் வாளியை எடுத்துக்கொண்டு கும்பலுக்கு முன்னால் போய் நின்று, திரும்பியும் பார்க்காமல் வேலி ஓரமாகவே மெதுவாக நடந்தார். முதலில் ஒன்று வந்தது, அதன் பின்னால் இரண்டு மூன்று, பிறகு எல்லாம் வரிசை பிடித்தன. தொட்டியிலிருந்து காற்று வீசுகிற பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தி, ஈரவாடை மூக்கில் படுகிற வரைக்கும் அப்படியே நின்றார். குடித்தன. அன்றைக்குச் சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்தவர், "அதுங்களுக்கு நம்ம கதவு தெரியல அவிஸ்" என்று சொல்லிவிட்டு முள்கரண்டியைக் கீழே வைத்தார். அழுதார். அந்தக் கதவில் முதுகைக் கொடுத்து நின்றதையெல்லாம் சொல்லிச் சொல்லி அழுதார், தட்டில் இருந்த கறி ஆறிப்போயிற்று. மறுநாள் விடிவதற்குள் எழுந்து பூட்ஸைத் தேடினார். அன்றிலிருந்து தினமும் போகிறார், இன்றைக்கு இந்தப் பக்கம், நாளைக்கு அந்தப் பக்கம் என்று மந்தையைத் தன் பின்னால் கூட்டிக்கொண்டு போய்ப் புல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குகிறார். ராய்ஸோடு வேலியில் நின்று வம்பளக்கிறார். ஞாயிற்றுக்கிழமை நீ போன் பண்ணினால் அவரே எடுப்பார், தொண்டை கட்டும் வரைக்கும் பேசுவார், அப்பாவைப் பற்றி இனிமேல் நீ கவலைப்படவேண்டாம்.

போன வாரம் மத்தியானத்தில் மூச்சிரைக்க வந்தார். கை கழுவக்கூட விடாமல் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார், வழியெல்லாம் சத்தம் போடாதே என்று எனக்குச் சைகை, அவர்தான் சத்தமாக மூச்சுவிட்டுக்கொண்டு வந்தார். ஆடு மேய்ந்து பதமாக விட்ட இடத்தில் ஒரு புல் தூரை விலக்கிக் காட்டினார். ஆண் காடை உட்கார்ந்திருந்தது. எங்களைப் பார்த்தும் எழவில்லை, கொஞ்சம் நகர்ந்தது, அடியில் முட்டை தெரிந்தது, பச்சை கலந்த வெளிறின நிறம், பழுப்புப் புள்ளி. நான் பார்த்தேன். இதற்காகத்தான் எல்லாம் செய்தோம் என்று எனக்குத் தெரியும். "நல்லது" என்றேன். அடுப்பில் பானை இருக்கிறதே என்று நினைத்தேன். அப்பா சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பினார், என் முகத்தைப் பார்த்தார், அந்தச் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. "உனக்கு என்ன ஆச்சு அவிஸ்" என்றார். ஒன்றுமில்லை என்றேன். பொய்யில்லை ரோவீனா, உண்மையிலேயே ஒன்றுமில்லை. ரொம்ப நேரம் மடக்கி உட்கார்ந்தால் கால் மரத்துப்போய்க் கிள்ளினால்கூடத் தெரியாதே, எனக்கு உள்ளே அப்படி இருக்கிறது. மழை வந்தபோது உணர்ச்சி இல்லை, அவர் அழுதபோது இல்லை, முட்டையைப் பார்த்தபோதும் இல்லை. எல்லோரும் அப்பாவைத்தான் கவனித்தார்கள், நானும் அவரைத்தான் கவனித்தேன், அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார், வேலை பார்க்க ஒருவர் வேண்டுமே, நான் பார்த்தேன். அவர் எழுந்துவிட்டார். எனக்குத்தான் இப்போது எங்கே உட்காருவது என்று தெரியவில்லை.

உன்னை நான் எதற்கும் வா என்று கூப்பிட்டதில்லை, நீயும் வேலை, லீவு கிடைக்காது, தூரம் என்று எழுதுவாய், சரி என்பேன். இந்தத் தடவை அப்படி எழுதாதே. கிறிஸ்துமஸ் வரைக்கும் வைக்காதே, முடிந்தால் அடுத்த மாதமே வா. அப்பாவுக்காக வரவேண்டாம், அவருக்கு ஆடு வந்துவிட்டது. எனக்காக வா. வந்து ஒன்றும் செய்யவேண்டாம், அடுக்களையில் என் எதிரில் உட்கார், உன் ஆஸ்பத்திரிக் கதை ஏதாவது சொல்லிக்கொண்டிரு, நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஆலஸ்டருக்கு என் அன்பைச் சொல். உனக்கு நல்ல தூக்கமும், வேலை பார்க்கும் இடத்தில் நல்ல மனிதர்களும், உடம்புக்குச் சுகமும் கடவுள் கொடுக்கட்டும். ஒன்று மட்டும் மறக்காதே, டவுனிலிருந்து வண்டி எடுத்துக்கொண்டு வரும்போது அவசரத்தில் காடைவெளிக்குள் குறுக்கே புகுந்து ஓட்டிவிடாதே, முட்டை இன்னும் பொரிக்கவில்லை, வேலியைச் சுற்றிக்கொண்டு பெரிய பாதையிலேயே வா, நேரமானாலும் பரவாயில்லை, நான் விளக்கை எரியவிட்டிருப்பேன்.

இப்படிக்கு,
உன் வரவைப் பார்த்திருக்கும்
அம்மா, அவிஸ்